ஏஜென்சியுடன் எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தமா? கையெழுத்துக்கு முன் பேசவேண்டியவை

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சொந்தமாகப் படமெடுத்துப் பிழைக்கிற தம்பி தங்கைகளுக்கு இப்படி ஒரு அழைப்பு வரும்: "உங்கள் படங்கள் பிடித்திருக்கின்றன. இனி எங்கள் ஏஜென்சி வழியாக மட்டும் வேலை செய்கிறீர்களா?" கூடவே பல பக்க ஒப்பந்தம், பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஹோட்டல், விளம்பரம், நிறுவன ஆண்டறிக்கை என்று தனியாளாகப் போய்ப் பிடிப்பதற்குச் சிரமமான வேலைகளை நல்ல ஏஜென்சி கொண்டுவரும். ஆனால் "எங்களுக்கு மட்டும்" என்பது நீங்கள் அவர்களுக்கு விற்கிற ஒன்று. அதற்கு ஓர் எல்லையும் ஒரு விலையும் இருக்கவேண்டும்.

படி 1: உங்கள் வருமானத்தைப் பிரித்து எழுதுங்கள்

கடந்த ஓராண்டு வருமானத்தை வகைவாரியாக எழுதுங்கள்: கல்யாணம், நிறுவன நிகழ்ச்சி, உணவுப் படம், கோயில் விழா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வேலை கொடுத்தவர் பெயர். இந்த ஒரு தாள் கையில் இல்லாமல் பேச உட்காராதீர்கள்.

படி 2: எல்லையை நீங்களே போடுங்கள்

முதலில் வேலை வகை. ஏஜென்சி விளம்பர வேலை பிடிக்கிறது என்றால், விளம்பர வேலை மட்டும் அவர்களுக்கு. செந்தூலில் நடக்கும் கல்யாணத்துக்கும், தைப்பூசத்தன்று பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ நீங்கள் உங்களுக்காக எடுக்கும் காவடிப் படங்களுக்கும் அவர்களுடைய ஒப்பந்தத்தில் என்ன வேலை?

அடுத்தது இடம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டும் வாடிக்கையாளர் வைத்திருக்கும் ஏஜென்சிக்கு மலேசியா முழுவதையும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பழைய வாடிக்கையாளர்கள். படி 1 தாளில் உள்ள பெயர்களை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டாலே போதும்: "சார், பின்னிணைப்பில் உள்ளவர்கள் எனக்கு ஏற்கெனவே வேலை தருபவர்கள். இவர்களோடு நேரடியாகத் தொடர்வேன், கமிஷன் கிடையாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்." நியாயமான ஏஜென்சி இதற்குச் சங்கடப்படாது.

படி 3: படம் யாருக்குச் சொந்தம் என்று எழுத்தில் வாங்குங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். எடுத்தவருக்குத்தான் படம் சொந்தம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில், பிரிவு 26 வேறு விதமாகச் சொல்கிறது. ஒருவர் சொல்லி, அவருக்காக எடுத்துக்கொடுக்கும் படத்தின் பதிப்புரிமை, வேலையைக் கொடுத்தவருக்கே மாறிவிட்டதாகக் கருதப்படும். அதைத் தடுக்கவோ குறைக்கவோ இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று அதே பிரிவு வழியும் விடுகிறது. அதாவது, நீங்கள் வாய் திறக்காவிட்டால் படம் கைமாறிவிடும்.

அதனால் ஒப்பந்தத்தில் இந்தப் பொருளில் ஒரு வரி வேண்டும்: "இந்த ஒப்பந்தத்தின் கீழ் எடுக்கப்படும் எல்லாப் படங்களின் பதிப்புரிமையும் படமெடுத்தவரிடமே இருக்கும். வாடிக்கையாளருக்குக் குறிப்பிட்ட பயன்பாட்டுக்கான லைசென்ஸ் மட்டும் வழங்கப்படும்." ஏஜென்சி தன் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கும் தாளிலும் இதே வரி இருக்கவேண்டும் என்று கேளுங்கள், ஏனென்றால் வேலையைக் கொடுப்பவர் அவர்தான். லைசென்ஸ் எந்த ஊடகத்துக்கு, எந்த நாட்டுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பதையும் எழுதுங்கள். ஓராண்டு இன்ஸ்டாகிராம் பயன்பாட்டுக்குக் கொடுத்த படம் நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் ஏறினால், அதற்குத் தனிக் கட்டணம் கேட்க அப்போதுதான் உங்களுக்கு வழி இருக்கும். லைசென்ஸ் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது.

படி 4: கமிஷன் எதன்மேல் என்று கேளுங்கள்

எத்தனை விழுக்காடு என்பதை எல்லோரும் கேட்பார்கள். எந்தத் தொகையின்மேல் என்று கேட்பவர் குறைவு. ஒரு வேலைக்கு ரி.ம. 4,000. அதில் ஸ்டூடியோ வாடகை, உதவியாளர் கூலி, பயணம் எல்லாம் சேர்த்து ரி.ம. 1,200 செலவு. கமிஷன் 25 விழுக்காடு. மொத்தத் தொகையில் பிடித்தால் ரி.ம. 1,000 போய், உங்கள் கையில் நிற்பது ரி.ம. 1,800. செலவைக் கழித்துவிட்டுப் பிடித்தால் கமிஷன் ரி.ம. 700 மட்டும், கையில் ரி.ம. 2,100. ஒரே ஒரு சொற்றொடர் செய்கிற வேலை இது.

வாடிக்கையாளர் பணம் கட்டிய 14 நாளுக்குள் உங்கள் பங்கு வரவேண்டும் என்றும், இன்வாய்ஸ் நகலைப் பார்க்கும் உரிமை வேண்டும் என்றும் சேருங்கள்.

படி 5: காலமும் வெளியேறும் வழியும்

முதல் ஒப்பந்தம் ஓராண்டைத் தாண்டவேண்டாம். தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், விடாமல் பிடித்துக் கேட்கவேண்டியது இதுதான்: ஆறு மாதத்தில் இவ்வளவு ரிங்கிட்டுக்கு வேலை வராவிட்டால், ஒப்பந்தம் தொடரலாம், "மட்டும்" என்ற கட்டுப்பாடு விழுந்துவிடும். வேலை கொண்டுவர முடியும் என்று நம்புகிற ஏஜென்சி ஏதாவது ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்ளும். எந்தத் தொகைக்குமே தயங்கினால், அப்போதே யோசியுங்கள்.

அப்புறம், "விலகியபின் இரண்டு ஆண்டு இந்தத் தொழிலே செய்யக்கூடாது" என்று சிலர் எழுதுவார்கள். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 28, தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாட்டைச் செல்லாது என்கிறது, சில விதிவிலக்குகளோடு. இருந்தாலும் நீதிமன்றம் வரை போகவா முடியும்? அந்த வரியை இப்போதே நீக்கச் சொல்லுங்கள். அவர்கள் அறிமுகப்படுத்திய வாடிக்கையாளர்களுக்கு, விலகியபின் மூன்று மாதம் கமிஷன் கேட்டால் கொடுக்கலாம். அது அவர்கள் உழைப்பு.

படி 6: கையெழுத்து, முத்திரை

பேசி முடித்ததை எல்லாம் ஒரே மின்னஞ்சலில் தொகுத்து அனுப்பி, திருத்திய ஒப்பந்தம் வரும்வரை காத்திருங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்ற வாய்ப்பேச்சுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை பெரிது என்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். கையெழுத்தான 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. தீர்வையை யார் கட்டுவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.