பழைய அலுமினிய ரோடு சைக்கிள்: கண்டுபிடிப்பது முதல் ஓட்டுவது வரை

பழைய ரோடு சைக்கிள் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஒரு கையால் தூக்கினால் லேசாக எழும்புகிறது. உடனே ஸ்பேனரை எடுத்துக் கழற்றத்தான் ஆசை வரும். அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: இந்த ஃபிரேமின் குழாய்களை எப்படி இணைத்திருக்கிறார்கள்? பசை போட்டு ஒட்டினார்களா, மரை வெட்டித் திருகினார்களா, வெல்டிங் செய்தார்களா? எதைக் கொண்டு துடைப்பது, எங்கே சூடு காட்டலாம், மறுபடி பெயிண்ட் அடிக்கலாமா என்பதெல்லாம் இதைப் பொறுத்ததுதான்.

படி 1: அலுமினியம்தானா?

சின்னக் காந்தம் ஒன்று போதும். மேல்குழாய், கீழ்க்குழாய், சீட் குழாய் மூன்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் இரும்பு வகை இல்லை. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அலுமினிய ஃபிரேமுக்கு ஸ்டீல் ஃபோர்க் போடுவது அந்தக் காலத்தில் சகஜம். ராலே நிறுவனத்தின் டெக்னியம் வகையில் முன்பக்க மூன்று குழாய்கள் அலுமினியம், பின்பக்கக் குழாய்கள் ஸ்டீல். அதனால் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

டைட்டானியத்திலும் கார்பனிலும் கூடக் காந்தம் ஒட்டாது. சந்தேகம் இருந்தால் பெயிண்ட் உதிர்ந்த இடத்தைத் தேடுங்கள். சிவப்புத் துரு இல்லாமல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அலுமினியம்.

படி 2: இணைப்பைப் படியுங்கள்

குழாய்கள் மெலிதாக, ஸ்டீல் சைக்கிள் போலவே இருந்து, சந்திக்கும் இடங்களில் லக் (குழாய் நுனிகளைப் பிடிக்கும் உலோக உறை) இருந்தால் அது ஒட்டிய அல்லது திருகிய ஃபிரேம். இத்தாலியின் ஆலன் நிறுவனம் 1972-இல் தொடங்கியது. அலுமினியக் குழாயில் மரை வெட்டி, லக்கில் திருகி, கூடவே பசையும் போட்டார்கள். பிரான்சின் வைட்டஸ் 979-இல் மரை கிடையாது, பசை மட்டும்தான். 1980-களில் ஐரிஷ் வீரர் ஷான் கெல்லி பந்தயங்களில் ஓட்டியது இந்த வைட்டஸைத்தான். மெல்லிய பசை இணைப்பு உறுதியாக நிற்குமா என்று கேட்பவர்களுக்கு அந்த ஓட்டங்களே பதில். அமெரிக்காவின் ட்ரெக் நிறுவனமும் 1980-களின் நடுவிலிருந்து ஒட்டிய அலுமினிய ஃபிரேம்களை விற்றது.

குழாய்கள் கண்ணில் படும் அளவுக்குப் பருமனாக இருந்தால் அது வேறு பரம்பரை. அமெரிக்காவில் கேரி க்ளைன் 1970-களில் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வழி இது. கேனன்டேல் நிறுவனம் 1983-இல் அதே பாணியில் தன் முதல் ரோடு சைக்கிளைக் கொண்டுவந்தது. பருமன் அழகுக்காக வந்ததல்ல. அலுமினியத்தின் எடை ஸ்டீலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் ஏறக்குறைய அதே மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் சுவர்த் தடிமனை மாற்றாமல் விட்டத்தை மட்டும் இருமடங்காக்கினால் குழாயின் விறைப்பு சுமார் எட்டு மடங்காகும். அதனால் குழாயைப் பெரிதாக்கினால் எடையை அதிகம் ஏற்றாமலே விறைப்பை மீட்டுவிடலாம்.

பருமனான ஃபிரேமில் மூட்டைச் சுற்றி மீன் செதில் அடுக்கியது போலத் தழும்பு தெரிந்தால் வெல்டிங். ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒட்டியது என்று நினைத்துவிட வேண்டாம். க்ளைனும் கேனன்டேலும் தழும்பை அரத்தால் தேய்த்து, குழாயோடு குழாய் வழிந்து சேர்ந்தது போல ஆக்கியிருப்பார்கள்.

படி 3: வயது

ஷிமானோ பாகங்களில் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் உள்பக்கம் பாருங்கள். முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 1976, பி என்றால் 1977, இப்படியே வரிசையாக. இரண்டாவது எழுத்து மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். என், எஃப் என்று இருந்தால் 1989 ஜூன். ஒரு பாகத்தை யாரோ இடையில் மாற்றியிருக்கலாம். மூன்று நான்கு பாகங்களைப் பார்த்து, பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்.

பின்சக்கரம் உட்காரும் இடைவெளியையும் அளந்து பாருங்கள். 126 மில்லிமீட்டர் என்றால் ஆறு, ஏழு கியர் காலம். 130 என்றால் எட்டு கியர் வந்த காலம் அல்லது அதற்குப் பின்.

படி 4: விரிசல் தேடல்

இதற்கு மட்டும் ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள். அளவான சுமையில் ஸ்டீல் எத்தனை முறை வளைந்து நிமிர்ந்தாலும் தாங்கும். ஒரு வரம்புக்குக் கீழே அதற்குக் களைப்பே கிடையாது. அலுமினியத்துக்கு அந்த வரம்பு இல்லை. ஒவ்வொரு மிதியும் கொஞ்சம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் முப்பது நாற்பது வயதான ஃபிரேமைப் பளபளப்பை வைத்து நம்ப முடியாது.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் குழாயோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். விரிசல் நிழலாகத் தெரியும். பார்க்க வேண்டிய இடங்கள்: ஹேண்டில்பார் இறங்கும் ஹெட் குழாய்க்குக் கீழே, கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, கீழ்க்குழாயில் கியர் லிவர் பொருந்தும் முளை, செயின்பக்கப் பின்குழாய், சக்கர அச்சு உட்காரும் டிராப் அவுட்டோடு சேரும் இடம், சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட் இறங்கும் வாயின் பிளவு. முடி போன்ற கோடு தென்பட்டால் அதன் குறுக்கே நகத்தை இழுங்கள். நகம் சிக்கினால் அது பெயிண்ட் கோடாக மட்டும் இருக்க வாய்ப்பு குறைவு. அங்கே பெயிண்டைச் சுரண்டி, உலோகத்திலும் கோடு தொடர்கிறதா என்று பாருங்கள்.

ஒட்டிய ஃபிரேமுக்கு இன்னொரு சோதனை உண்டு. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் அசையுங்கள். அப்புறம் சைக்கிளைச் சாய்த்து, கீழே இருக்கும் பெடலைக் காலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். இரண்டு நேரத்திலும் ஒரு விரல் நுனி லக்கும் குழாயும் சேரும் கோட்டின் மேல் இருக்கட்டும். பசை விட்டிருந்தால் மெல்லிய நகர்வை விரல் உணரும். சில சமயம் கிரீச் என்று சத்தமும் கேட்கும். கோட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கசிந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

விரிசல் இருந்தால் அந்த ஃபிரேமை ஓட்ட வேண்டாம். மேலே வெல்டிங் வைத்து ஒப்பேற்றுவதை நான் ஏற்பதில்லை. வெப்பப் பதத்தால் வந்த உறுதி, சூடு பட்ட இடத்தில் குறைந்துவிடும்.

படி 5: கழற்றுதல்

சீட் போஸ்ட் இறுகியிருப்பதுதான் அதிகம் வரும் தொல்லை. அலுமினியம் ஆக்சைடாகும்போது பருத்து இறுக்கிவிடுகிறது. அம்மோனியா கலந்த திரவத்தைப் போஸ்ட் இறங்கும் குழாயின் வாயில் ஊற்றி ஊறவிடுங்கள். அது ஆக்சைடைத் தளர்த்தும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அவசரப்படாமல் ஓரிரு நாள் விட்டு, பழைய சீட்டையே பிடியாக வைத்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். காஸ்டிக் சோடா பக்கம் போகவே வேண்டாம். போஸ்ட்டோடு ஃபிரேமையும் கரைக்கும். ஒட்டிய ஃபிரேமில் கேஸ் டார்ச் தீயும் ஹீட் கன்னும் கூடாது. பசை இளகிவிடும்.

வெளியே வந்த போஸ்ட்டின் அளவைக் குறித்து வையுங்கள். கேனன்டேலில் பெரும்பாலும் 27.2 மில்லிமீட்டர், வைட்டஸ் 979-இல் 25.0. புள்ளி இரண்டு வித்தியாசம் கூடத் தவறான போஸ்ட்தான்.

பாட்டம் பிராக்கெட்டில் இரண்டு மரை வகைகள் அடிக்கடி வரும். 68 மில்லிமீட்டர் அகலமுள்ள பிரிட்டிஷ் வகையில் செயின் பக்கக் கப் (பால்ரஸைத் தாங்கும் மூடி) எதிர்மரை, கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும். 70 மில்லிமீட்டர் இத்தாலிய வகையில் இரண்டு பக்கமும் சாதா மரை. கப்பில் பொறித்த எண்களைப் பார்த்து உறுதி செய்துகொண்டு ஸ்பேனரில் பலம் கொடுங்கள். அலுமினிய மரையை ஒருமுறை கெடுத்தால் மீட்பது கஷ்டம்.

இன்னொன்று. ஸ்டீல் ஃபிரேமின் பின்பகுதியை 126-லிருந்து 130-க்கு விரித்துப் புது சக்கரம் போடுவார்கள். அலுமினியத்தில் அதைச் செய்யவே கூடாது. 126 ஃபிரேமுக்கு 126 ஹப்தான், அதாவது அதே அகலமுள்ள சக்கர நடுப்பாகம்தான்.

படி 6: மேற்பூச்சு

அனோடைஸ் செய்த (மின்முறையில் ஆக்சைடு படலம் ஏற்றிய) ஃபிரேம் என்றால் மிதமான சோப்பு, மென்மையான துணி, கடைசியில் மெழுகு. காரமான கிளீனர்கள் அந்த நிறத்தையே உரித்துவிடும். ஒட்டிய ஃபிரேமைப் பவுடர் கோட்டிங்குக்கு (பொடிப் பெயிண்டை அடுப்பில் உருக்கும் முறைக்கு) கொடுக்காதீர்கள், அடுப்பின் சூட்டில் மூட்டு போய்விடும். பெயிண்ட் உரிக்கும் ரசாயனமும் பசையைத் தாக்கும். என்னைக் கேட்டால் பழைய பெயிண்டையும் ஸ்டிக்கரையும் அப்படியே விட்டுவிடலாம். ஃபிரேம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

கிராங்க், பிரேக் கைகள் போன்ற வெறும் அலுமினிய பாகங்களுக்கு மெட்டல் பாலிஷ் நன்றாக வேலை செய்யும். ஒரு நிமிடத்தில் துணி கருப்பாகும். அது அழுக்கல்ல, அலுமினியமே நுண்துகளாக வருகிறது. துணியை மாற்றி மாற்றித் தேயுங்கள்.

படி 7: மறுபடி பூட்டுதல்

பால்ரஸ் எல்லாம் புதிதாகப் போடுங்கள். பெரும்பாலும் பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, கால் அங்குல அளவு. முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, 3/16 அங்குலம். அலுமினியத்தில் இறங்கும் ஒவ்வொரு ஸ்டீல் போல்ட்டுக்கும், சீட் போஸ்ட்டுக்கும், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்முக்கும் கிரீஸ் கட்டாயம். ஸ்டெம்மில் போட்டிருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியக் கூடாது.

பிரேக் கேபிள், பிரேக் கட்டை, டயர், செயின் எல்லாம் புதிது. பழைய அலுமினிய ஹேண்டில்பாரையும் மாற்றிவிடுங்கள். அது ஸ்டெம் பிடிக்கும் இடத்தில்தான் உடையும், அதுவும் சொல்லாமல்.

படி 8: ஓட்டம்

முதல் ஓட்டம் சமதளத்தில், குறைந்த தூரம். திரும்பி வந்ததும் எல்லா போல்ட்டையும் படி 4-இன் இடங்களையும் மறுபடி பாருங்கள். பருமனான குழாய் ஃபிரேம் சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் சொல்லும். ஃபோர்க்கிலும் பின்குழாய்களிலும் உரசாமல் நுழையக்கூடிய அகலமான டயரைப் போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் உடம்பு வலிக்காது. மெலிந்த குழாய் வைட்டஸ், ஆலன் வகைகள் இதற்கு நேர்மாறு: எழுந்து நின்று ஓங்கி மிதித்தால் பாட்டம் பிராக்கெட் பக்கவாட்டில் ஆடி, செயின் முன் டீரெய்லரில் (செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் பாகம்) உரசலாம். மூட்டுகள் சோதனையில் தேறியிருந்தால் அது ஃபிரேமின் இயல்பு, பழுதல்ல.

கீழ்க்குழாய் லிவரில் கியர் மாற்றும்போது மிதியை நிறுத்தாமல், காலின் அழுத்தத்தை மட்டும் ஒரு கணம் தளர்த்துங்கள். கிளிக் இல்லாத லிவரில் செயின் அடுத்த பல்சக்கரத்தில் ஏறியதும் சரசர என்று சத்தம் வந்தால், சத்தம் அடங்கும் வரை லிவரை மயிரிழை முன்னோ பின்னோ நகர்த்துங்கள். மேட்டில் மிதிக்கும்போது தானாகவே கியர் நழுவினால் டீரெய்லரைக் குறை சொல்ல வேண்டாம். லிவரின் நடுவில் இருக்கும் திருகு தளர்ந்திருக்கும். கால் சுற்று இறுக்குங்கள்.