விறகில் எரியும் மேப்பிள் சிரப் அடுப்பை ஆயில் பர்னருக்கு மாற்றுவது எப்படி?

மேப்பிள் மரத்திலிருந்து இறங்கும் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். நம் பதநீரோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய வெறும் தண்ணீர். இதைக் காய்ச்சி 66, 67 பிரிக்ஸ் (நூற்றுக்கு அத்தனை பங்கு சர்க்கரை) பாகாக்க வேண்டும். எத்தனை கேலன் சாற்றுக்கு ஒரு கேலன் பாகு கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் வெர்மான்ட், கனடாவின் கியூபெக் காய்ச்சுகாரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 86-ஐச் சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுக்க வேண்டும். 2 சதவீதச் சாறென்றால் 43 கேலன். அதில் 42 கேலன் ஆவியாகப் போகிறது. எரிபொருள் செலவெல்லாம் இந்த ஆவிக்குத்தான்.

விறகு அடுப்பில் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து கட்டை போட வேண்டும். திறந்தவுடன் குளிர்காற்று புகுந்து கொதி அடங்கும், மீண்டும் ஏறும். ஆயில் பர்னரில் கொதி ஒரே சீராக இருக்கும், சுவிட்சைத் தட்டினால் தீ நிற்கும். ஆனால் 2 சதவீதச் சாற்றைக் காய்ச்சினால் ஒரு கேலன் பாகுக்கு ஏறக்குறைய 4 கேலன் ஆயில் போய்விடும். அதனால் சவ்வு வழியே சாற்றின் தண்ணீரைப் பிரித்தெடுக்கும் ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் இயந்திரம் இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். சாற்றை 8 சதவீதத்துக்கு ஏற்றினாலே தண்ணீரில் முக்கால் பங்கு அடுப்புக்கு வராமலே போய்விடும். அதற்குப் பிறகு கணக்குப் போட்டால் சிறிய பர்னரே போதும் என்று தெரியவரலாம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 2 அடி அகலம், 6 அடி நீளமுள்ள சாதாரண அடுப்பு. முன்னால் தட்டையான சிரப் தட்டு, பின்னால் கீழே தொங்கும் மடிப்புகள் கொண்ட ஃப்ளூ தட்டு. கேலன் என்று வருவதெல்லாம் அமெரிக்க கேலன், 3.785 லிட்டர்.

முதலில் தட்டுகளைப் பாருங்கள்

பழைய காரீயம் பூசிய தகரத் தட்டாகவோ, ஈயப் பற்றுவைத்த ஒட்டுகள் உள்ளதாகவோ இருந்தால் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஈயப் பற்று 183 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். சாறு ஒரு இடத்தில் வற்றினால் போதும், ஒட்டு விட்டுவிடும். காரீயம் பாகில் கலப்பது அதைவிடப் பெரிய கேடு. டிக் (TIG) வெல்டிங் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

எவ்வளவு ஆயில் எரிக்க வேண்டும்?

“பெரிய பர்னர் போட்டால் சீக்கிரம் காயும்” என்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. தட்டு வாங்கிக்கொள்ளும் சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் எரிப்பதெல்லாம் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகும்.

விறகு அடுப்பு இன்னும் வேலை செய்யும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். தட்டுகளில் வெறும் தண்ணீர் ஊற்றி, நன்றாக எரியவிட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை கேலன் ஆவியாகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 30 கேலன் என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த சாற்றில் ஒரு கேலன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க ஏறக்குறைய 9,500 பிடியு (சூட்டை அளக்கும் அலகு) வேண்டும். ஆக மணிக்கு 2,85,000 பிடியு தட்டுக்குள் போக வேண்டும். ஒரு கேலன் 2-ஆம் எண் ஆயிலில் (டீசல் போன்ற சூடேற்றும் எண்ணெய்) சுமார் 1,39,000 பிடியு இருக்கிறது. நன்கு அமைத்த அடுப்பில் அதில் 70 சதவீதம் தட்டுக்குக் கிடைக்கும் என்று எடுத்தால் 97,000. வகுத்தால் மணிக்கு 2.9 கேலன்.

ஆயிலைத் தெளிக்கும் முனைதான் நாசில். அதன் மேல் பொறித்திருக்கும் எண், 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மணிக்கு எத்தனை கேலன் போகும் என்பது. அழுத்தம் கூடினால் ஓட்டமும் கூடும், ஆனால் அதன் வர்க்கமூல விகிதத்தில்தான். 140 பிஎஸ்ஐயில் 1.18 மடங்கு. 2.50 நாசிலை 140 பிஎஸ்ஐயில் ஓட்டினால் 2.96 கேலன், நம் கணக்குக்குச் சரியாக வருகிறது. அழுத்தம் கூடினால் துளிகள் பொடியாகும், எரிவதும் சுத்தமாக இருக்கும்.

பர்னரில் பெக்கெட் நிறுவனத்தின் ஏஎஃப் மாடலின் உச்சம் மணிக்கு 3 கேலன். அதை உச்சத்திலேயே வைத்து விரட்டுவதைவிட, அடுத்த பெரிய மாடலை நடு அளவில் ஓட்டுவது நல்லது. கையில் ஏஎஃப் சும்மா கிடக்கிறதென்றால் 2.75-க்குள் நிறுத்திக்கொண்டு, கொஞ்சம் மெதுவாகக் காய்வதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எரிப்பறை: உண்மையான வேலை இங்கேதான்

பர்னரை மாட்டுவது அரை நாள் வேலை. அதன் தீ போய் நிற்கும் அறையைக் கட்டுவதுதான் வாரக்கணக்கில் இழுக்கும். இதில் அவசரப்பட்டவர்கள்தான் பிறகு சீசன் முழுக்கப் புகைக்கரி சுரண்டுகிறார்கள்.

கிராதிக் கம்பிகளைக் கழற்றி வெளியே எடுங்கள். சாம்பல் குழியை வெர்மிகுலைட் போட்டு நிரப்புங்கள். விறகுக்குக் காற்று போன துவாரங்கள், கதவிடுக்குகள் எல்லாவற்றையும் தகடு வைத்து அடைக்க வேண்டும். இனி காற்று பர்னர் விசிறி வழியாக மட்டும்தான் வரலாம். வேறு எங்கிருந்து வந்தாலும் அது எரிய உதவாது, சூட்டைத்தான் தூக்கிக்கொண்டு போகும்.

தரையிலும் சுவரிலும் 1 அங்குல செராமிக் ஃபைபர் போர்வை, இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கின் இணைப்பு மேல் அடுக்கின் நடுவில் வரும்படி மாற்றி மாற்றிப் பதியுங்கள். தீ நேராகப் படும் பக்கத்துக்கு 2,600 ஃபாரன்ஹீட் தாங்கும் ரகம், அதற்குப் பின்னால் உள்ள அடுக்குக்கு 2,300 ரகம் போதும். மேற்பரப்பில் ரிஜிடைசர் திரவம் தெளித்தால் இறுகிக்கொள்ளும், விசிறிக் காற்றில் நார் பிய்ந்து பறக்காது. இந்த வேலைக்கு முகக்கவசம், முழுக்கைச் சட்டை, கையுறை மூன்றும் வேண்டும். பல சீசன் வெந்த பழைய போர்வையைப் பிடுங்கும்போது இன்னும் கவனம்: கடும் சூட்டில் அந்த நாரில் படிக சிலிக்கா உண்டாகிறது, அது நுரையீரலுக்கு ஆகாது.

எரிப்பறைத் தரைப்பரப்புக்கு, மணிக்கு எரியும் ஒரு கேலனுக்கு 100 சதுர அங்குலம் என்று கணக்கு வையுங்கள். நமக்கு 300 போதும். 20 அங்குல அகலமும் 20 அங்குல நீளமும் இருந்தால் தாராளம். நாசிலின் மையம் தரையிலிருந்து 7, 8 அங்குல உயரத்தில் வர வேண்டும். எரிப்பறையின் பின்சுவருக்கு மேல் ஒரு சரிவு ஏற்றி, அதை ஃப்ளூ தட்டின் மடிப்புகளுக்கு அரை அங்குலம் வரை நெருக்கமாகக் கொண்டுபோங்கள். இடைவெளி அதிகமானால் சூடான புகை மடிப்புகளுக்குள் நுழையாமல் அடியிலேயே வழுக்கிப் போய்விடும். தட்டில் கொதி மந்தமாகவும் புகைபோக்கி நெருப்பாகவும் இருக்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் இந்த இடைவெளிதான்.

அடுப்பின் மேல்விளிம்பில் தட்டு உட்காரும் இடம் முழுக்க செராமிக் கேஸ்கெட் பட்டை வைத்தாக வேண்டும்.

பர்னரைப் பொருத்துதல்

முன்கதவை எடுத்துவிட்டு கால் அங்குல இரும்புத் தகட்டைப் பொருத்துங்கள். 4 அங்குல பர்னர் குழாய்க்கு 4 3/8 அங்குல ஓட்டை. குழாயின் நுனி எரிப்பறை உட்சுவரிலிருந்து கால் அங்குலம் உள்ளடங்கி இருக்க வேண்டும். தீக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் நுனி வெந்து கருகும். ரொம்ப உள்வாங்கியிருந்தால் தெளிப்பு ஓட்டையின் விளிம்பில் பட்டுக் கரி கட்டும். குழாயை 2 டிகிரி உள்பக்கம் சாய்த்து மாட்டினால் மிஞ்சிய துளி பர்னருக்குள் திரும்பி வராது.

நீளமான ஒடுங்கிய அறைக்கு 60 டிகிரி கோணத்தில் தெளிக்கும் நாசில், சதுரமான அறைக்கு 80 டிகிரி. இந்த அளவுக்கு சாலிட் வகைத் தெளிப்பு (கூம்பின் நடுவிலும் ஆயில் நிறைந்து வருவது) நல்லது. தீப்பொறி தரும் எலக்ட்ரோடுகளின் இடைவெளி, உயரம் எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். அந்தந்தக் கையேட்டில் உள்ளதை ஸ்கேல் வைத்து அளந்து வையுங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

ஆயில் குழாய்க்கு 3/8 அங்குல செம்பு, ஃப்ளேர் இணைப்புகள் (குழாயின் வாயை விரித்துப் பொருத்துவது) மட்டுமே. கம்ப்ரெஷன் இணைப்பு காற்றை உறிஞ்சும். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது, ஆனால் பர்னர் விட்டுவிட்டு எரியும். டேங்க் பர்னரைவிட உயரத்தில் இருந்தால் ஒற்றைக் குழாய் போதும். தாழ்வாக இருந்தால் இரட்டைக் குழாய் (ஒன்று ஆயில் வர, மற்றது மிஞ்சியது திரும்பிப் போக), பம்புக்குள் பைபாஸ் பிளக். வழியில் ஒரு ஃபில்டரும், தீப்பிடித்தால் 165 ஃபாரன்ஹீட்டில் தானாக மூடிக்கொள்ளும் வால்வும் கட்டாயம்.

சாறு இறங்கும் பருவத்தில் இரவு உறைபனி இருக்கும். வெளியே வைத்த டேங்கில் 2-ஆம் எண் ஆயில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய் கலந்தால் தப்பிக்கலாம். சாற்றுத் தொட்டியும் ஆயில் டேங்கும் ஒன்றையொன்று பார்க்காத இடத்தில் இருக்கட்டும். ஆயில் பட்ட கையால் வடிதுணியைத் தொட்டால் ஒரு பேட்ச் பாகே வீண்.

தீ அணைந்தால் ஆயிலை நிறுத்த தீ தெரிகிறதா என்று பார்க்கும் கேட் செல் (cad cell) கண்ணும் கன்ட்ரோல் பெட்டியும் பர்னரோடு வரும். தனியாகச் சேர்க்க வேண்டியது இரண்டு: சாறு குறைந்தால் மின்சாரத்தை அறுக்கும் மிதவை சுவிட்ச், கதவருகே சிவப்பு அவசர சுவிட்ச். வயரிங்கும் கடைசிப் பரிசோதனையும் உரிமம் பெற்ற ஆயில் பர்னர் டெக்னீஷியனிடம் போகட்டும். அமெரிக்காவில் என்எஃப்பிஏ 31, கனடாவில் சிஎஸ்ஏ பி139 என்ற விதிகள் இதற்கு உண்டு. அவற்றின்படி இல்லையென்றால் கொட்டகை எரிந்தபின் காப்பீட்டுக்காரர் கையை விரிப்பார்.

புகைபோக்கியும் டியூனிங்கும்

விறகுக்காக வைத்த புகைபோக்கி ஆயிலுக்கு அதிகமாக இழுக்கும். பாரோமெட்ரிக் டேம்பர் (இழுவை கூடினால் தானாகத் திறந்து அறைக்காற்றை விடும் மடல்) ஒன்றைப் போட்டு, தீக்கு மேலே இழுவை −0.01 முதல் −0.02 அங்குல நீர்மட்டம் (இழுவையை அளக்கும் அலகு) வரும்படி வையுங்கள்.

முதல் தடவை மூட்டும்போது தட்டில் தண்ணீர்தான் இருக்க வேண்டும், சாறு அல்ல. ஐந்து நிமிடம் எரியவிட்டு, ஐந்து நிமிடம் நிறுத்தி, அப்படி நான்கைந்து முறை. போர்வையில் உள்ள பசை எரிந்து நாறும், அது இயல்பு. அறை சூடானபின் அளவெடுங்கள். முதலில் புகைச் சோதனை: வடிதாளில் கறை பூஜ்யமாகவோ, சாயல் தெரிகிற அளவாகவோ இருக்க வேண்டும். பிறகு கார்பன் டை ஆக்சைடு 11 முதல் 12 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம்முக்குள்.

கருவி வருவதற்கு முன்பே கண் பாதி சொல்லிவிடும். பார்வைத் துவாரத்தில் தீ பளிச்சென்ற மஞ்சளாக, ஓரம் சுத்தமாகத் தெரிந்தால் நலம். நுனி சிவந்து, கறுப்பு வால் ஆடினால் காற்று போதவில்லை. வெளிறிப்போய், குட்டையாக இரைந்தால் காற்று அதிகம். பின்சுவரில் காலிஃபிளவர் பூப்போலக் கருமொட்டு ஒன்று நாளுக்கு நாள் பருக்கிறதா? ஆயில் எரிந்து முடியும் முன்பே சுவரில் மோதுகிறது. நாசில் கோணத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் அளவைக் குறையுங்கள். மொட்டைச் சுரண்டி எடுப்பது மட்டும் வைத்தியமாகாது, மறுநாளே முளைக்கும்.

நிறுத்தியபின் நாசில் சொட்டினால் குழாயில் காற்று சிக்கியிருக்கிறது; பம்பின் பிளீடரைத் திறந்து நுரையில்லாமல் ஆயில் வரும்வரை விடுங்கள். மூட்டும்போது “தொம்” என்று அதிர்ந்தால் எலக்ட்ரோடையும் இழுவையையும் பாருங்கள். கொட்டகையை இறுக்கிச் சாத்திக்கொண்டு காய்ச்சினால் விசிறி நீராவியையே இழுத்து விழுங்கும், தீ நாளடைவில் புகையும். வெளிக்காற்றுக்கு பர்னர் பக்கமாக ஒரு வழி வையுங்கள்.

காய்ச்சும்போது

ஃப்ளூ மடிப்புகளுக்கு மேல் குறைந்தது ஒன்றரை அங்குலம் சாறு நிற்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள். அன்றைய தண்ணீர் கொதிநிலையைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடினால் பாகுப் பதம். செறிவேற்றிய சாற்றில் அந்தப் பதம் விறகுக் காலத்தைவிடச் சடுதியில் வந்துவிடும், அடிபிடிக்கும் ஆபத்தும் அதிகம். எரிப்பறைக்கு நேர் மேலே சிரப் தட்டில் மணல்போல் படியும் கசடை நாள்தோறும் பாருங்கள்.

சுவிட்சை அணைத்தவுடன் தீ போய்விடும், ஆனால் போர்வையிலும் செங்கலிலும் உள்ள சூடு போகாது. இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் சாறு ஓடிக்கொண்டிருக்கட்டும்.

சீசன் முடிந்ததும் தட்டுகளைத் தூக்கி மடிப்புகளுக்கு அடியில் உள்ள கரியைப் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். நாசிலைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த ஆண்டுக்குப் புதிதாகப் போடுங்கள், விலை அதிகமில்லை. ஆயில் டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே தண்ணீர் வியர்க்காது. புகைபோக்கியையும் பர்னர் ஓட்டையையும் தகட்டால் மூடிவிடுங்கள். எலிகளுக்கு செராமிக் போர்வையைப் போல ஒரு மெத்தை கிடையாது.