மலைத்தடத்தில் சாலைக் கணக்கு: ஓடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏலகிரியில் சுவாமிமலை உச்சிவரை ஓடிவிட்டுத் திரும்பலாம் என்று நானும் ஒரு நண்பரும் கிளம்பியது சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. தினமும் காலையில் வேலூர்க் கோட்டையைச் சுற்றி ஓடிப் பழகியவன் நான். தார்ச்சாலையில் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன். அந்தத் தைரியத்தில், புங்கனூர் ஏரியில் தொடங்கி மங்கலம் கிராமம் வழியாக உச்சிக்குப் போய்வர மொத்தம் 12 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டேன். மூன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதில் கடைசி ஒரு மணி நேரம் கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டே வந்தேன். அன்று முழுக்க மனதுக்குள் எரிச்சல். பாறை மேல் எரிச்சல், முள் மேல் எரிச்சல், கையில் கட்டியிருந்த கடிகாரத்தின் மேல் அதைவிட எரிச்சல். பிறகு நிதானமாக யோசித்தபோதுதான் தெரிந்தது, என் கால் பிசகியதற்குப் பாதிக் காரணம் அந்த எரிச்சல்தான். கரடுமுரடான தடத்தில் முதல்முறை ஓடப் போகிறவர்களுக்கு அது நேரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் தவறு வீட்டிலேயே நடந்துவிட்டது. தூரத்தைப் பார்த்தேன், ஏற்றத்தைப் பார்க்கவில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னும் ஒரு மணி நேரம். மலையில் நடப்பவர்கள் இன்றைக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் வழிக்கு இதைப் போட்டுப் பார்த்தால், 12 கிலோமீட்டருக்கு 2 மணி 24 நிமிடம், சுமார் 300 மீட்டர் ஏற்றத்துக்கு அரை மணி. ஆக, நடப்பவருக்கே கிட்டத்தட்ட 3 மணி நேரம். நான் ஒதுக்கியது அதில் பாதி. நல்ல தடத்தில், பழகிய ஓட்டக்காரர் நெய்ஸ்மித் கணக்கை எளிதாக முந்திவிடலாம். மழையில் நனைந்த பாறையில், முதல்முறை போகிறவரால் முடியாது. இப்போதெல்லாம் சாலையில் அதே தூரத்துக்கு ஆகும் நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்கிறேன். மழை பெய்திருந்தால் அதற்கு மேல் இன்னும் அரை மணி. அப்புறம், எங்கே இருந்தாலும் இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவது என்று ஒரு நேரத்தையும் முன்கூட்டியே குறித்துவிடுகிறேன்.

மங்கலத்தைத் தாண்டிப் பாதை குறுகியதும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். இதுதான் பெரிய தவறு. இரண்டு பக்கமும் உண்ணிச்செடி சட்டையைப் பிடித்து இழுக்கிறது. மழைத் தண்ணீர் பாதையின் நடுவே வாய்க்கால் போல அரித்துவிட்டிருக்கிறது. காலை வைத்தால் கல் உருள்கிறது. இந்த இடத்தில் கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகம் எப்படி வரும்? கடிகாரம் 16, 17 என்று காட்டியது. அதிலும் ஒரு சங்கதி உண்டு. ஜிபிஎஸ் கடிகாரம் இடைவெளி விட்டு விட்டுப் புள்ளிகளைப் பதிந்து, அவற்றை நேர்கோட்டில் இணைக்கிறது. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் அந்தக் கோடு வளைவுகளை வெட்டிவிடும். மேலே மரங்கள் மூடியிருந்தால் சிக்னலும் தடுமாறும். ஆகவே, ஓடிய தூரமே குறைவாகப் பதிவாகி, வேகம் உள்ளதைவிட மோசமாகத் தெரியலாம். அப்படி ஓர் எண்ணை நம்பித்தான் நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கோபம் வந்ததும் என்ன செய்வோம்? கொஞ்சம் சமதளம் கிடைத்த இடத்திலெல்லாம் விட்ட நேரத்தைப் பிடிக்க முழு வேகத்தில் ஓடினேன். அடுத்த ஏற்றம் வரும்போது மூச்சு இல்லை. ஏற்றத்தில் தவித்ததால் இன்னும் கோபம். மலைத்தடத்தில் வேகத்தை அளக்க எனக்குத் தெரிந்த நம்பகமான கருவி நம் பேச்சுதான். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், தரை எப்படி இருந்தாலும் குறைத்துக்கொள்ள வேண்டும். கடிகாரத்தில் வேகம் காட்டும் திரையை மாற்றி, கழிந்த நேரம் மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன மாற்றம் எனக்குத் தந்த நிம்மதி கொஞ்சநஞ்சம் இல்லை.

ஏற்றத்தில் நடந்தால் கௌரவக் குறைவு என்று நினைப்பது இன்னொரு தவறு. செங்குத்தான சரிவில் மெதுவாக ஓடுவதைவிட, அதே வேகத்தில் விறுவிறுவென்று நடப்பதற்குச் சக்தி குறைவாகவே செலவாகும். ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் முன்னணியில் வருபவர்களும் செங்குத்து ஏற்றங்களில் தொடை மேல் கைகளை ஊன்றி நடக்கிறார்கள். எடுத்து வைக்கும் எட்டு சின்னதாக இருக்கட்டும். குதிகாலையும் தரையில் ஊன்ற முடிகிற இடங்களில் ஊன்றுங்கள். நுனிக்காலிலேயே ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். காயமெல்லாம் இறக்கத்தில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இறக்கத்தில் பயம் வந்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது, கால் முன்னால் நீள்கிறது, குதிகால் முதலில் தரையில் படுகிறது. ஈரப்பாறையில் வழுக்கி உட்கார்ந்துவிடுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. உடம்பின் எடை பாதத்துக்கு நேர் மேலே இருந்தால்தான் ஷூவின் அடிப்பாகம் தரையைப் பிடிக்கும். முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பு பாதத்துக்கு மேலே வரும்படி, எட்டுகளைச் சுருக்கி, அடிகளை வேகமாக மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு கல் உருண்டாலும் அதற்குள் அடுத்த கால் ஊன்றியிருக்கும். நீண்ட எட்டு வைத்து இறங்கினால், அந்த ஒரு கல்லை நம்பி முழு எடையையும் போட்டுவிடுகிறோம். கைகளை உடம்போடு ஒட்டி வைக்க வேண்டாம், பக்கவாட்டில் விரித்து விடுங்கள். வரப்பில் ஓடும் சிறுவர்கள் யாரும் சொல்லித்தராமலே இதைச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள்.

எங்களுக்கு வழிகாட்ட வந்த ஊர்க்காரத் தம்பி சாதாரண ரப்பர் செருப்பில் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். நான் பாதத்தையே பார்த்துக்கொண்டு தடுமாறுவதைக் கண்டு நின்றார். "அண்ணா, வச்ச கால பாக்காதீங்க. அடுத்த மூணு அடி எங்க வைக்கப் போறீங்கன்னு பாருங்க" என்றார். அந்த ஒரு வரியை இன்றுவரை நான் மறக்கவில்லை. கண் மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருந்தால், கால் வைக்கும் இடத்தை மூளை முன்கூட்டியே தேர்ந்துவிடுகிறது. பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு அடியும் திடீரென்று வருகிறது. அவர் சொன்னதைக் கேட்டுக் கால் மணி நேரம் நன்றாகவே இறங்கினேன். பிறகு மறுபடியும் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்த அந்த நொடியில்தான் ஈர இலைகளுக்கு அடியில் இருந்த வேரில் கால் பட்டு, இடது கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது.

இறங்கும்போது இன்னும் இரண்டு விஷயங்கள். பாசி படிந்த கரும்பாறை, மழையில் நனைந்த வேர், குவிந்து கிடக்கும் சருகு, இந்த மூன்றின் மேலும் ஓடவே வேண்டாம்; நடங்கள், தேவைப்பட்டால் உட்கார்ந்து இறங்குங்கள். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் இடையே நல்ல இடைவெளி விடுங்கள். உங்கள் காலில் பட்டு உருளும் கல் அவர் முதுகில் போய் விழக் கூடாது.

மறுநாள் தொடை வலித்தால் பயப்பட வேண்டாம். இறக்கத்தில் தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே எடையைத் தாங்குகின்றன. பழக்கமில்லாத தசைநார்களில் இதனால் நுண்ணிய சேதம் ஏற்படும். வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். இதே தசைக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு இறக்கம் கொடுத்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். மலைக்குப் போகும் முன் மாடிப்படிகளில் நிதானமாக இறங்கிப் பழகுவது அதனால்தான் பலன் தருகிறது. நம்மில் பலர் படியேறிப் பயிற்சி செய்துவிட்டு லிஃப்டில் இறங்குகிறோம்.

ஷூவைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. சாலை ஷூவின் அடிப்பாகம் வழவழப்பானது, சேற்றில் நிற்காது. அடியில் 4, 5 மில்லிமீட்டர் உயரக் குமிழ்கள் உள்ள ட்ரெயில் ஷூ, அதாவது கரடுமுரடான தடத்தில் ஓடுவதற்கான ஷூ, நம் ஊர்த் தடங்களுக்குப் போதும். ஆனால் ஈரப்பாறையில் குமிழ் பெரிதாக உதவாது. அங்கே ரப்பரின் ஒட்டும் தன்மைதான் முக்கியம். எந்த விலையில் வாங்கினாலும் அதை நம்பிப் பாறையில் பாய வேண்டாம். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் இடித்துக் கறுத்துவிடும். மேல்பக்கக் கடைசி ஓட்டையிலும் கயிற்றைக் கோத்து இறுக்கினால் பாதம் முன்னால் வழுக்காது.

தண்ணீரிலும் என் ஒன்றரை மணி நேரக் கணக்கே என்னைக் கவிழ்த்தது. அரை லிட்டர் பாட்டில் ஒன்றுதான் கொண்டுபோனேன், உச்சியிலேயே தீர்ந்துவிட்டது. மணிக்கு அரை லிட்டர் என்று வைத்து, நேரக் கணக்கு தப்பினாலும் தாக்குப்பிடிக்கும்படி எடுத்துப் போங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பல மணி நேரம் வியர்த்துவிட்டு, தாகம் இல்லாதபோதும் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் அளவு குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். கூடவே உப்புள்ள ஏதாவது சாப்பிடுங்கள். பாக்கெட்டில் நாலைந்து கடலை மிட்டாய் இருந்தால் பசியால் வரும் எரிச்சலும் தணியும்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. வனப்பகுதித் தடத்துக்கு அனுமதி இல்லாமல் போகவே போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். கோடையில் காய்ந்த புல்வெளி எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது ஓட்டக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 தடங்களுக்கு இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். தனியாகப் போக வேண்டாம். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு விசிலும், பகல் ஓட்டமானாலும் ஒரு சின்ன ஹெட்லாம்ப்பும் பையில் இருக்கட்டும். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கணுக்கால் பிசகிய பிறகும் நான் ஒரு தவறு செய்தேன். நேரம் ஆகிறதே என்று மேலும் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தேன். அதனால்தான் ஒரு வாரத்தில் ஆறியிருக்க வேண்டியது மாதக்கணக்கில் இழுத்தது. பிசகியதும் நின்றுவிடுங்கள். நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தும்போது கடுமையாக வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகும் வாய்ப்பு அதிகம். சமநிலைப் பயிற்சி அதைக் குறைக்கும். செலவு எதுவும் இல்லை. தினமும் காலையில் பல் துலக்கும்போது நான் ஒற்றைக் காலில் நிற்கிறேன். வலது காலில் ஒரு நிமிடம், இடது காலில் இரண்டு நிமிடம்.