வெள்ளவத்தைக் கராஜுக்கு ஒரு சில்லு வைத்த டூல் அலுமாரி

காலி வீதிக்குக் கடல் பக்கம் எங்கள் வீடு. உப்புக்காற்றில் ஸ்பானர், குறடு எல்லாம் கறள் பிடித்ததால், இறுக்கி மூடுகிற டூல் அலுமாரி ஒன்று தேடினேன். கார் நிற்கும்போது ஓரமாகத் தள்ளவும் வேண்டும்.

பழைய சோனகத் தெருக் கடைகளில் முதலில் காட்டுவது பெயின்ட் பளபளப்பை. அது கிடக்கட்டும். லாச்சியை முழுதாக இழுத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். போல் பெயரிங் (உருளும் சின்ன உருக்குக் குண்டுகள்) வைத்தது என்றால் பாரத்தோடும் வழுக்கிக்கொண்டு வரும். தகரத்தில் கேஜ் எண் குறையத் தடிப்பு கூடும்: 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மி.மீ.

நான் அதிகம் மினக்கெட்டது சில்லில்தான். எங்கள் கராஜ் நிலம் தண்ணீர் வடிய வாசல் பக்கம் சரிவு, அங்கங்கே பள்ளமும் உண்டு. அப்படியான நிலத்தில் நாலு சில்லில் ஒன்று அந்தரத்தில் நிற்கும். அதனால் மொத்தப் பாரத்தை மூன்றால் வகுத்தேன். அலுமாரியும் சாமானும் 150 கிலோ என்றால், ஒவ்வொரு சில்லும் 50 கிலோவாவது தாங்க வேண்டும். 5 அங்குலப் பொலியூரித்தேன் சில்லுகள் வாங்கினேன். கைபிடிப் பக்கம் திரும்புகிற இரண்டு, இரண்டிலும் பிரேக். மற்றைய இரண்டும் நேராக மட்டும் ஓடும். சின்னச் சில்லு வெடிப்பில் சிக்கும்.

நட்டுக் கழற்றுகிற பாரமான சொக்கெட்டுகள் கீழ் லாச்சியில். ஒரு நேரத்தில் ஒரு லாச்சி மட்டும் திறக்கிற பூட்டு இருந்தால் அலுமாரி கவிழும் ஆபத்து குறையும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்குக் காசு கூடக் கொடுக்கலாம். கறளுக்கு றப்பர் விரிப்பு, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பை, அப்புறம் இடைக்கிடை எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.