மார்க் போட்டால் டார்க் போட்டதாகிவிடாது

போன வாரம் நைட் ஷிப்ட். செங்குன்றம் போகிற வழியில் இருக்கும், லித்தியம் பேட்டரி கோர்க்கும் எங்கள் ஷெட்டில், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்த புதுப்பையன் ஒருத்தன் பேட்டரி மாட்யூல் முன்னால் குனிந்து நின்று, பெயிண்ட் மார்க்கரால் நட்டு மேலெல்லாம் வரிசையாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். நட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்ச் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

"இன்னாடா பண்றே?"

"மார்க் போட்டு வெச்சிட்டா அப்பால ஒரே மூச்சுல டைட் பண்ணிடலாம்ணா. டைம் மிச்சம்."

சுர்ரென்று ஏறியது. இதே பேச்சை இதே மாதிரி நானும் ஒரு காலத்தில் பேசியவன், அதனால்தான் அத்தனை கோபம்.

நான் வீட்டு வயரிங்கில் கை பழகியவன். தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் சர்வீஸ் பார்த்து, 2012-இல் சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் கட் இருந்தபோது மாடி மாடியாக இன்வெர்ட்டர் பேட்டரி சுமந்து, பிறகுதான் லித்தியம் பக்கம் வந்தேன். அங்கே பழகிய கை இங்கே எங்கெல்லாம் தப்பு செய்யும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஷூ போடு, கிளவுஸ் போடு என்பதெல்லாம் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.

டெஸ்டர் எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று நம்புவது

வீட்டு வேலையில் சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாத எலக்ட்ரீஷியன் கிடையாது. பேட்டரி வேலைக்கு அது உதவாது. 16 செல் கொண்ட மாட்யூல் 51.2 வோல்ட், டெஸ்டருக்குள் இருக்கும் நியான் பல்பு பற்றிக்கொள்ளவே அது போதாது. சரி, 15 மாட்யூல் சேர்ந்த ரேக் 768 வோல்ட் ஆச்சே, அங்கே எரியுமே என்பான். ரேக்கின் பிளஸ்ஸும் மைனஸும் எர்த்தோடு சேராமல் மிதக்கின்றன. உன் உடம்பு வழியாக எர்த்துக்குப் போய்த் திரும்ப வழி இல்லையென்றால் அங்கேயும் டெஸ்டர் எரியாது. அந்தத் தைரியத்தில் இரண்டு முனையையும் இரண்டு கையால் தொட்டால் ஆள் காலி.

இன்னொன்று: மெயின் ஆஃப் பண்ணியாச்சு, ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கியாச்சு என்ற நிம்மதி இங்கே கிடையாது. எண்ணூர் பவர் ஹவுஸையே 2017-இல் நிறுத்த முடிந்தது; மேசைமேல் கிடக்கும் இந்த ஒரு செல்லை நிறுத்த முடியாது.

மீட்டர் வயரை ஆம்பியர் ஓட்டையிலேயே விட்டுவிட்டு பேட்டரியில் வைப்பது

ஷார்ட் ஆகும். என் இடது புருவம் சாட்சி.

மார்க் முதலில், டார்க் பிறகு

இதற்குத்தான் வந்தேன். கொஞ்சம் நீளும்.

நாங்கள் கோர்ப்பது 280 ஆம்பியர் அவர் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல். ஒரு மாட்யூலில் 16 செல், ஒவ்வொன்றுக்கும் நட்டு மாட்ட மரை போட்ட இரண்டு ஸ்டட், ஆக 32 நட்டு. ரேக்குக்கு 480. எங்கள் டிராயிங்கில் நட்டுக்கு 6 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. ரெஞ்ச் 'க்ளிக்' என்ற பிறகு, இறுக்கியாச்சு என்பதற்கு அடையாளமாக அந்த நட்டுக்கு மட்டும் ஒரு கோடு, அப்புறம்தான் அடுத்தது. ஒரு நட்டு, ஒரு க்ளிக், ஒரு கோடு.

நான் என்ன செய்தேன்? ஷிப்ட் முடியப் பத்து நிமிஷம். 32-க்கும் கையால் முறுக்கிக் கோட்டை இழுத்துவிட்டு ரெஞ்சை எடுத்தேன். பாதியில் டீ வந்தது. டீ குடித்துத் திரும்பினால் எல்லா நட்டிலும் கோடு! எதுவரை க்ளிக் பண்ணினேன் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாம் முடிந்தது போலத்தான் இருந்தது. முடிந்தது என்றே கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் டெஸ்ட் பெஞ்சில் எட்டாவது செல் சண்டித்தனம் செய்தது. சும்மா இருக்கும்போது மற்றதைப் போல 3.30 வோல்ட். 140 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றினால் அது மட்டும் மற்றவற்றைவிட 140 மில்லிவோல்ட் மேலே. டிஸ்சார்ஜில் அதே அளவு கீழே. சார்ஜ் முடியும் கட்டத்தில் அந்த ஒரு செல் 3.65-ஐத் தொட்டதும், செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். போர்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும், மற்ற 15-ம் நிரம்பாமலே. "செல் டல்லு, மாத்து" என்றார் சூப்பர்வைசர் சார்.

மாற்றினோம். இறுக்கிப் பிடித்திருக்கும் தகட்டைக் கழற்றி, செல்லோடு செல்லை இணைக்கும் பஸ்பார் பட்டையை எடுத்து, வோல்ட் பொருந்துகிற செல்லாகத் தேடி, திரும்பக் கோர்க்க இரண்டு நாள். டெஸ்ட்டில் பாஸ். பார்த்தியா, செல்தான் டல்லு என்று எல்லோருக்கும் திருப்தி. புதுச் செல் மாட்டும்போது அந்த நட்டை ஒழுங்காக ரெஞ்ச் வைத்து முறுக்கினோமே, அதனால் சரியாயிற்று என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பழைய செல்லைப் பின்னால் தனியாக ஏற்றி இறக்கிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை.

கணக்கு சுலபம். ஜாயிண்ட்டில் 1 மில்லிஓம் எதிர்ப்பு இருந்தாலே 140 ஆம்பியரில் 140 மில்லிவோல்ட் விழும். சூடு கிட்டத்தட்ட 20 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பற்றவைத்து அந்த நட்டுக்கடியில் செருகின மாதிரி. பஸ்பார் ஒன்றுக்கு, பி.எம்.எஸ். வோல்ட் பார்க்கும் சென்ஸ் வயர் ஒன்றுதான் இருக்கிறது; பஸ்பாரின் மறுமுனையில் லூஸ் இருந்தால், அங்கே விழும் வோல்ட் பக்கத்துச் செல்லின் கணக்கில் ஏறிவிடும். குற்றம் நட்டுடையது, தண்டனை செல்லுக்கு.

அதனால், தம்பி, எந்தச் செல்லையும் கழற்றுவதற்கு முன்னால் இதைப் பார். கொள்ளளவு குறைந்த செல் நடுவில் மற்றவற்றோடு ஒன்றாகத்தான் போகும். ஆரம்பத்திலோ கடைசியிலோதான் பிரியும். லூஸ் ஜாயிண்ட் கரண்ட் விட்ட நொடியிலிருந்து நிறுத்தும்வரை வித்தியாசம் காட்டும். உள் எதிர்ப்பு ஏறின செல்லும் அப்படிக் காட்டலாம் என்பதால், கரண்ட் ஓடும்போதே மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, மீட்டர் வயரின் ஒரு முனையை ஸ்டட் தலையிலும் இன்னொன்றை பஸ்பாரிலும் வைத்து அள. நல்ல ஜாயிண்ட்டில் சில மில்லிவோல்ட்தான் வரும். இந்த இரண்டு நிமிஷ வேலை தெரியாமல் இரண்டு நாள் போனது.

கூடவே சில்லறை விஷயங்கள். சந்தேகம் வந்தால் 'இன்னொரு க்ளிக்' கூடாது. தளர்த்தி முதலிலிருந்து முறுக்கு. அலுமினியம் முனையில் நிற்கும் ஸ்டட் ரொம்ப முறுக்கினால் மரை போகும், அப்புறம் செல்லே போச்சு. டார்க் ரெஞ்சால் நட்டைக் கழற்றாதே. வேலை முடிந்ததும் அளவைக் குறைத்து ஸ்பிரிங்கைத் தளர்த்தி வை. முனையைத் தேய்த்துச் சுத்தம் பண்ணினால் அப்போதே பஸ்பாரை மாட்டு. தேய்த்த அலுமினியத்தில் ஆக்சைடு உடனே படரும், ராத்திரி முழுக்கத் திறந்துபோட்டுக் காலையில் வந்து மாட்டுவது வேலைக்கே ஆகாது. திருவொற்றியூர் கடற்கரையோரம் ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று பார்த்தவனுக்கு உப்புக்காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பையனிடம் கோடு எல்லாவற்றையும் தின்னர் போட்டு அழிக்கச் சொன்னேன். "32-மா?" என்றான். 32-ம்.

காப்பு, மோதிரம்

கழற்று. சாமி கோபிக்காது.

வீட்டு எம்.சி.பி.யை (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் பிரேக்கர்) இங்கே மாட்டுவது

ஏ.சி. கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும். பிரேக்கர் திறக்கும்போது பிறக்கும் ஆர்க், அதாவது நெருப்புப்பொறி, அந்த இடைவெளியில் செத்துவிடும். டி.சி.யில் அந்த பூஜ்யம் கிடையாது. ஆர்க் வெல்டிங் மாதிரி நின்று எரியும். டி.சி. என்று எழுதியிருந்தாலும் போதாது: பிளஸ், மைனஸ் குறி போட்டவை ஒரு திசைக் கரண்டுக்குச் செய்தவை. ஆர்க்கை உள்ளே இருக்கும் காந்தம் தள்ளும். கரண்ட் திரும்பினால் தப்பான பக்கம் தள்ளும். சோலார் பேனலிலிருந்து கரண்ட் ஒரே பக்கம் வரும், அங்கே சரி. பேட்டரி வாங்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். திசை பார்க்காத டி.சி. பிரேக்கர் கேட்டு வாங்கு.

ஸ்பேனரை மாட்யூல் மேல் வைப்பது

கைப்பிடிக்கு டேப் சுற்றியிருந்தாலும் வைக்காதே.

பி.எம்.எஸ். பிளக்கை முதலில் செருகுவது

சென்ஸ் வயர் நூல் மாதிரி இருக்கும். எங்காவது ஒரு பஸ்பார் மாட்டாமல் விட்டுப்போய், பிளக்கும் செருகியிருந்து, யாராவது சார்ஜரைப் போட்டுவிட்டால் கரண்ட் அந்த நூல் வழியாகப் பாயப் பார்க்கும், போர்டு போய்விடும். எல்லா நட்டும் முடிந்து, ஒவ்வொரு செல்லையும் மீட்டரில் பார்த்து, பிளக்கின் பின்களிலும் வோல்ட் வரிசையாக ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் செருக வேண்டும். கருகின போர்டு மூன்றை என் டிராயரில் வைத்திருக்கிறேன். முதலாவது நான் செய்தது. "பிளக்கை மாட்டிடவாண்ணா?" என்று எவனாவது அவசரப்பட்டால் அதை எடுத்து மூக்குக்கு நேராக நீட்டுவேன், வாசனை இன்னும் போகவில்லை.