எல்லாத்துக்கும் ‘நைஸ்’ சொல்லாமல் இங்கிலீஷ் கதைப்பது எப்படி

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிற, போட் ஓட்டுகிற, ஓட்டோவில் வெளிநாட்டுக்காரரைக் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் கூட்டிக்கொண்டு போகிற தம்பி தங்கச்சிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கூச்சமில்லாமல் இங்கிலீஷ் கதைக்கிறீர்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. ஆனால் பீச் நைஸ், சாப்பாடு நைஸ், கோயில் நைஸ், அறை நைஸ், கோட்டைக்குள் நிற்கிற மான் நைஸ், எல்லாமே நைஸ். உங்களுக்கு அது பிடித்திருக்கிறது என்பது வந்தவருக்கு விளங்கும். அதில் என்ன இருக்கிறது, தான் ஏன் போய்ப் பார்க்கவேண்டும் என்பது விளங்காது.

அதற்காக இந்தச் சொல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இதைவிட்டால் வேறு சொல்லே பொருந்தாத இடங்கள் இருக்கின்றன. ஆளை முதல்முறை சந்திக்கும்போது ‘நைஸ் டு மீட் யூ’, கதைத்து முடித்துப் பிரியும்போது ‘நைஸ் மீட்டிங் யூ’. இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லாதீர்கள். யாராவது உங்களுக்கு ஒரு உதவி செய்தால், உதாரணமாக உங்கள் பிள்ளைக்கு ஒரு பரிசு கொடுத்தால், ‘தட்ஸ் வெரி நைஸ் ஒஃப் யூ’ என்பது வெறும் தேங்க்யூவைவிட மனதுக்கு நெருக்கமாக இருக்கும். அப்புறம் ‘நைஸ் அண்ட்’ என்று ஒன்று இருக்கிறது: தண்ணீர் ‘நைஸ் அண்ட் வார்ம்’, அறை ‘நைஸ் அண்ட் குவயட்’. நல்ல இதமான சூடு, நல்ல அமைதி என்று நாங்கள் ‘நல்ல’ போடுகிற மாதிரித்தான். ஆனால் இது பெரும்பாலும் வசனத்தின் கடைசியில்தான் வரும், ‘எ நைஸ் அண்ட் குவயட் ரூம்’ என்று பெயருக்கு முன்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள். வேறு அடைமொழியோடு சேரும்போது நைஸ்தான் முன்னுக்கு வரும்: ‘எ நைஸ் பிக் ஃபிஷ்’ சரி, ‘எ பிக் நைஸ் ஃபிஷ்’ காதுக்கு இடறும்.

மற்ற இடங்களில் வாயைத் திறக்கமுதல் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எது நல்லாயிருக்கிறது? கண்ணுக்கா, நாக்குக்கா, உடம்புக்கா, அல்லது ஆளின் குணமா? சொல் அங்கிருந்துதான் வரும்.

சாப்பாட்டில் தொடங்குங்கள், அங்கேதான் சொற்கள் அதிகம். ‘டேஸ்டி’, ‘டெலிஷியஸ்’ எல்லாருக்கும் தெரியும், அவையும் நைஸ் போலத்தான், பெரிதாக ஒன்றையும் சொல்லாது. தேங்காய்ப்பால் தூக்கலான சொதி ‘கிரீமி’. புளி தெரிகிற மீன்குழம்பு ‘டேங்கி’. சுடச்சுடப் பொரித்த கணவாய் வெளியே ‘கிரிஸ்பி’, உள்ளே ‘டென்டர்’. உறைப்புக்கு ‘ஹாட்’ என்று சொன்னால் கறி சூடாக இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்வார்கள், அதனால் ‘ஸ்பைசி’ என்று சொல்லுங்கள். உறைப்புக் குறைவென்றால் ‘மைல்ட்’. இந்த ‘மைல்ட்’ என்ற ஒரு சொல்லைத் தெரிந்து வைத்திருந்தாலே பரிமாறுகிறவருக்குப் பெரிய ஆறுதல், ஏனென்றால் உறைப்புப் பழகாதவர் மெனுவைக் கையில் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி அதைப் பற்றித்தான்.

கடல் விஷயத்தில் நைஸ் சொல்வது ஆபத்தும்கூட. ‘டுடே சீ இஸ் நைஸ்’ என்றால் பார்க்க அழகு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், குளிக்கலாம் என்று அவர் எடுத்துக்கொள்வார். அலை இல்லையென்றால் ‘காம்’, ஆழம் குறைவென்றால் ‘ஷெல்லோ’, அடி தெரிகிறதென்றால் ‘கிளியர்’. வாடைக்காற்றுக் காலத்தில் ‘ரஃப்’ என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லுங்கள், நீரோட்டம் இருந்தால் ‘ஸ்ட்ராங் கரண்ட்’. புறாத் தீவுக்குப் போகிறவர் சுறாவைப் பற்றி அரைப் பயத்தோடு கேட்பார். அங்கே பவளப் பாறையைச் சுற்றி வருகிற கறுப்பு முனைச் சுறாக்களுக்கு ‘ஷை’ என்பது நல்ல சொல், அவை ஆட்களைக் கண்டால் பெரும்பாலும் விலகித்தான் போகும். 2003 இலிருந்து அந்தத் தீவு தேசியப் பூங்கா. ஆகவே பவளத்துக்கு ‘ஃப்ராஜைல்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எளிதில் உடையக்கூடியது என்று கேட்டால் காலை ஊன்ற யோசிப்பார், நைஸ் என்று கேட்டால் யோசிக்கமாட்டார்.

கோணேசர் கோயிலுக்கு ‘நைஸ் டெம்பிள்’ என்பது எனக்கு உண்மையிலேயே மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடிய தலம், 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லையே கோட்டை கட்டக் கொண்டுபோன இடம். ‘சேக்ரட்’, புனிதமானது என்று சொல்லுங்கள், செருப்பைக் கழற்றச் சொல்லத் தனியாக விளக்கம் தேவைப்படாது. மிகப் பழமையான என்கிற ‘ஏன்ஷன்ட்’ என்பதைக் கட்டடத்துக்குப் போடாமல் இடத்துக்குப் போடுங்கள், ‘ஏன்ஷன்ட் சைட்’ என்று, ஏனென்றால் இன்றைக்கு நிற்கிற கோயில் பிற்காலத்தில் கட்டியது. மலை உச்சியிலிருந்து கடலைப் பார்க்கிற காட்சிக்கு ‘பிரெத்டேக்கிங்’, இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவின் செங்குத்துக்கு ‘ஸ்டீப்’. வழியில் நிற்கிற புள்ளிமான்களுக்கு ‘ஜென்டில்’ போதும். கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே மாதிரி இல்லை, ஆகவே ஒன்றுக்கு ‘ஹாட்’, இன்னொன்றுக்கு ‘வார்ம்’, இளஞ்சூட்டுக்கு ‘லூக்வார்ம்’. அதே ‘லூக்வார்ம்’ தேத்தண்ணிக்கு வந்தால் முறைப்பாடு, போய் வேறு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாருங்கள்.

இன்னொரு விஷயம். ‘பிரெத்டேக்கிங்’, ‘ஸ்டன்னிங்’, ‘டெலிஷியஸ்’ போன்ற கனமான சொற்களுக்கு முன்னால் ‘வெரி’ வேண்டாம். மிக என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கூட்டிச் சொல்லத்தான் வேண்டுமென்றால் ‘அப்சலூட்லி’ போடுங்கள். ‘வெரி’ என்பது ‘காம்’, ‘ஸ்பைசி’, ‘கிளியர்’ போன்ற ஏறி இறங்குகிற சொற்களுக்கு உரியது.

எங்கள் வீட்டுத் தமிழிலும் நைஸ் இருக்கிறது, அதுதான் சிலவேளை குழப்புகிறது. ‘மாவை நைஸாக அரை’ என்போம், ‘நைஸாக நழுவிவிட்டான்’ என்போம். அந்த இரண்டு அர்த்தமும் இன்றைய இங்கிலீஷ் நைஸில் இல்லை. அரைத்த மாவுக்கும் நிலாவெளி மணலுக்கும் ‘ஃபைன்’ அல்லது ‘சாஃப்ட்’, நழுவியவனுக்கு ‘குவயட்லி’. இங்கிலீஷிலேயே இந்தச் சொல் நிறைய மாறி வந்ததுதான். அறியாதவன் என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, முதலில் முட்டாள் என்றுதான் அர்த்தம், பிறகு நுணுக்கம் பார்க்கிற என்றாகி, 18ஆம் நூற்றாண்டில்தான் இனிமையான என்ற பொருளுக்கு வந்தது. ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று எங்காவது வாசித்தால் அது நல்ல வித்தியாசம் இல்லை, நுணுக்கமான வித்தியாசம்.

அவர்கள் சொல்லும்போது கேட்கவும் தெரியவேண்டும். கண் விரிந்து ‘ஓ, திஸ் இஸ் நைஸ்!’ என்றால் சந்தோஷம். தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ‘இட்ஸ் நைஸ்’ என்றால் பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்கிறார், என்ன குறை என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். ‘நொட் வெரி நைஸ்’ என்றால், குறிப்பாகப் பிரிட்டிஷ்காரர் சொன்னால், கொஞ்சம் சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள், நன்றாகவே மனம் நொந்திருக்கிறார்.

கடைசியாக, எழுதுகிறபோது. அறை வாடகைக்கு என்று இணையத்தில் போடும்போது ‘நைஸ் ரூம், நைஸ் வியூ, நைஸ் பீப்பிள்’ என்று போட்டால் பக்கத்து வீட்டு விளம்பரமும் அப்படியேதான் இருக்கும். இங்கே நைஸுக்குப் பதில் இன்னொரு அழகான சொல்லைத் தேடவே வேண்டாம், விஷயத்தையே எழுதுங்கள்: ஜன்னல் கடலைப் பார்க்கிறதென்றால் ‘சீ ஃபேஸிங்’, காற்றோட்டம் என்றால் ‘எயரி’, தூசு துரும்பு இல்லையென்றால் ‘ஸ்பொட்லெஸ்’, பீச்சுக்கு எத்தனை நிமிட நடை என்ற கணக்கு. தங்கிப்போனவர் நல்லதாக நாலு வரி எழுதினால் ‘தேங்க்ஸ் ஃபோர் த நைஸ் ரிவியூ’ என்று நிறுத்தாமல், ‘தேங்க்ஸ் ஃபோர் யோர் கைண்ட் வேர்ட்ஸ்’ என்று தொடங்கி, அவர் எதை விரும்பிச் சாப்பிட்டார், எங்கே போய் வந்தார் என்று ஒரு வரி சேர்த்து, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.