ஆஸ்துமா மாத்திரை சாப்பிடுபவரா? சிகரெட்டை விடும் தேதியை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்

சிகரெட்டை விடப்போகிறீர்களா, ஆஸ்துமாவுக்கு மாத்திரையும் சாப்பிடுகிறீர்களா? அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். தியோஃபிலின் அல்லது அமினோஃபிலின் என்று இருந்தால், விடும் தேதியை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு இந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதனால் புகைப்பவருக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே மாத்திரை ஒரு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தில் அதிகமாகச் சேரும். குமட்டல், கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை வரும். இதைப் பலரும் சிகரெட் ஏக்கம் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்கிறார்கள், அதுதான் ஆபத்து. அளவை நீங்களாகக் குறைக்க வேண்டாம், டாக்டர் ரத்தத்தில் அளந்து பார்த்துக் குறைப்பார். நிகோட்டின் பட்டை ஒட்டியிருந்தாலும் இது பொருந்தும், ஏனென்றால் காரணம் புகைதான், நிகோட்டின் அல்ல. மறுபடி புகைக்கத் தொடங்கிவிட்டால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

இன்ஹேலர் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. புகைக்கும்போது ஸ்டீராய்டு இன்ஹேலர் சரியாக வேலை செய்யாது, விட்ட பிறகு அதன் பலன் கூடும். முதல் சில வாரம் இருமலும் சளியும் கொஞ்சம் அதிகமாகலாம். அப்போதும் இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். மூச்சுத்திணறல் கூடினால் மட்டும் இருமல்தானே என்று விடாமல் உடனே காட்டுங்கள்.